புத்தகத்தை மூடிய பிறகுதான் படிப்பு

கடற்கரை – தாம்பரம் மின்சார ரயிலில் வருஷக்கணக்காகப் போய்வருகிறவரா நீங்கள்? அப்படியென்றால் ஒரு சின்ன வேலை. கடற்கரையில் ஏறினால் தாம்பரம் வரை என்னென்ன நிலையங்கள் வரும் என்று வரிசையாக, ஒன்று விடாமல், எதையும் பார்க்காமல் இப்போதே சொல்லுங்கள். எழும்பூர், மாம்பலம், கிண்டி எல்லாம் சட்டென்று வந்துவிடும். எழும்பூருக்கும் நுங்கம்பாக்கத்துக்கும் நடுவில் என்ன? முதலில் வருவது மீனம்பாக்கமா, பழவந்தாங்கலா? திரிசூலத்தைச் சொன்னீர்களா? இரண்டு முனைகளையும் சேர்த்து மொத்தம் 18. ஒவ்வொரு பெயரையும் பலகையில் எத்தனையோ தடவை பார்த்திருப்பீர்கள், ஒலிபெருக்கியில் கேட்டிருப்பீர்கள், ஆனாலும் நாலைந்து இடத்தில் தடுக்கியிருக்கும்.

நாம் படிக்கிற விஷயத்திலும் இதேதான் நடக்கிறது. பார்க்கும்போது 'அட, இது தெரியுமே' என்று தோன்றுவது ஒன்று, வேண்டிய நேரத்தில் மண்டையிலிருந்து எடுத்துச் சொல்ல முடிவது வேறொன்று. ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்தால் முதலாவதுதான் வளரும். இரண்டாவது வளர வேண்டுமென்றால் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும். அதை எப்படிச் செய்வது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

குறிப்பாக, வேலை பார்த்துக்கொண்டோ ஓய்வு பெற்ற பிறகோ படிக்க உட்காருகிறவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். சென்னையில் அப்படிப்பட்டவர்கள் நிறையப் பேர். தி.நகர் இந்திப் பிரச்சார சபாவின் தேர்வுகளை ஐம்பது வயதுக்கு மேல் எழுதுகிறவர்கள், வயது வரம்பு இல்லை என்பதால் ஐஐடி மெட்ராஸின் இணையவழி பி.எஸ். படிப்பில் சேர்ந்த நடுவயதுக்காரர்கள், ஐஐடிகள் நடத்தும் என்பிடெல் இணையப் பாட வீடியோக்களை இரவு பத்து மணிக்கு மேல் பார்க்கிறவர்கள், மார்கழிக் கச்சேரிக்குப் போய் இந்த வருஷமாவது ராகத்தைக் கண்டுபிடித்துவிட வேண்டும் என்று நினைக்கிறவர்கள். பள்ளியில் கேள்வி கேட்க வாத்தியார் இருந்தார், பரீட்சை இருந்தது, பக்கத்து பெஞ்சில் நண்பன் இருந்தான். இப்போது நம்மைக் கேட்க யாருமில்லை, அந்த வேலையும் நம் தலையில்தான்.

சரி, கேட்டுக்கொள்வதால் உண்மையிலேயே பலன் உண்டா? உண்டு, அதுவும் நினைப்பதைவிட அதிகமாக. 2006-இல் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களிடம் ஒரு சோதனை நடத்தினார்கள். ஒரு குழு ஒரு கட்டுரைப் பகுதியை நான்கு முறை படிக்கும் வாய்ப்பைப் பெற்றது. இன்னொரு குழு ஒரு முறை படித்துவிட்டு, மற்ற மூன்று முறையும் அதைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது, திரும்பத் திரும்பப் படித்தவர்கள்தான் முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ். படித்துக்கொண்டே இருந்தவர்களுக்கு 40 சதவீதம் அளவுக்குத்தான் நினைவிருந்தது, எழுதிப் பார்த்தவர்களுக்கு 61 சதவீதம். இதில் நான் முக்கியமாக நினைப்பது வேறொரு தகவல்: ஒரு வாரம் கழித்து எவ்வளவு நினைவிருக்கும் என்று முன்கூட்டியே கேட்டபோது, அதிக நம்பிக்கையோடு இருந்தவர்கள் திரும்பத் திரும்பப் படித்த குழுவினர்தான். அதனால் 'எனக்கு நன்றாக ஏறுகிறது' என்ற உணர்வை வைத்துப் படிப்பை அளக்காதீர்கள்.

அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகத்தோடு வந்து படிக்கும் பகுதியிலும், கன்னிமாராவிலும், போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் பக்கம் முழுக்க மஞ்சள் ஹைலைட்டரால் தடவிவிட்டு அடுத்த பக்கம் போவதைப் பார்க்கும்போது எனக்கு மனது அடித்துக்கொள்கிறது. அத்தனை மணி நேர உழைப்பு. 2013-இல் டன்லாஸ்கி என்ற உளவியலாளரும் கூட்டாளிகளும் பத்துப் படிப்பு முறைகளை எடுத்து, அதுவரை வந்த ஆராய்ச்சிகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். கோடு போடுவதும் திரும்பப் படிப்பதும் பலன் குறைந்தவை என்று ஒதுக்கப்பட்டன. மிகுந்த பலன் உள்ளவை என்று தேறியவை இரண்டே இரண்டு: தன்னைத் தானே சோதித்துக்கொள்வது, இடைவெளி விட்டுப் படிப்பது.

வெள்ளைத்தாளில் தொடங்குங்கள்

இதற்கு ஆப் வேண்டாம், காசு வேண்டாம். ஒரு அத்தியாயத்தையோ ஒரு வீடியோவையோ புரியும்படி நிதானமாக ஒரு முறை முடியுங்கள். புரியாததைச் சோதித்துப் பார்த்துப் பயனில்லை, அதனால் முதல் வாசிப்பில் அவசரப்படாதீர்கள். முடித்ததும் மூடுங்கள், மொபைலை அடுத்த அறையில் வையுங்கள். ஒரு வெள்ளைத்தாளை எடுத்து நினைவில் இருப்பதையெல்லாம் எழுதுங்கள். வரிசை முக்கியமில்லை, அழகான வாக்கியம் வேண்டாம், படம், அம்புக்குறி, தமிழும் ஆங்கிலமும் கலந்த அரைகுறைச் சொற்கள், எதுவானாலும் சரி. நாலு வரியிலேயே நின்றுவிட்டால் எழுந்துவிடாதீர்கள், இன்னும் இரண்டு மூன்று நிமிடம் சும்மா உட்கார்ந்திருங்கள். நாக்கு நுனியில் நிற்கிறது, வரமாட்டேன் என்கிறது என்று தவிக்கும் அந்த நேரம் வீண் என்று தோன்றும், ஆனால் நினைவு உறுதிப்படுவது அந்த முயற்சியில்தான்.

அப்புறம் புத்தகத்தைத் திறந்து வேறு நிறப் பேனாவால் விட்டதைச் சேருங்கள், தப்பாக எழுதியதை அடித்துத் திருத்துங்கள். இந்தத் திருத்தும் வேலையை நாளைக்குத் தள்ளாதீர்கள். 'நிச்சயம் இதுதான்' என்று அடித்துச் சொன்ன பதில் தப்பு என்று தெரியும்போது, அந்தச் சரியான பதில் மனதில் நன்றாக ஒட்டிக்கொள்கிறது என்பது ஆராய்ச்சியில் பலமுறை பார்க்கப்பட்ட விஷயம். அதனால் சந்தேகமாக இருந்தாலும் ஒரு பதிலை எழுதிவிட்டுத்தான் பார்க்க வேண்டும். பாதி யோசித்துவிட்டு 'ம்ம், இதைத்தான் நினைத்தேன்' என்று பக்கத்தைத் திருப்பினால் சோதித்த கணக்கில் வராது.

அடுத்த நாள் அந்த வேறு நிற மை இருக்கும் இடங்களை மட்டும் பாருங்கள். எங்கே ஓட்டை இருக்கிறது என்று உங்களுக்காகவே போட்ட பட்டியல் அது.

கேள்வியை நன்றாக எழுதக் கற்றுக்கொள்ளுங்கள்

எழுதியதையெல்லாம் தினமும் முழுசாக எழுதிக்கொண்டிருக்க முடியாது. அதனால் வேண்டியதைக் கேள்விகளாக மாற்றி வைத்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலோர் கோட்டை விடும் இடம் இதுதான். நம் ஊர் மழையைப் பற்றிப் படிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 'வடகிழக்குப் பருவமழை பற்றி எழுதுக' என்று ஒரு கேள்வி எழுதி வைத்தால் அது பரீட்சைத்தாளுக்குத்தான் லாயக்கு. அதற்கு என்ன பதில் சொன்னால் சரி என்றே நமக்குத் தெரியாது, அதனால் எதையோ சொல்லிவிட்டுச் சரி என்று டிக் போட்டுவிடுவோம். அதையே உடைத்துப் பாருங்கள். ஜூன், ஜூலையில் கேரளத்தில் கொட்டும்போது சென்னையில் ஏன் அவ்வளவு பெய்வதில்லை? மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பக்கத்தில் நாம் இருப்பதால். சென்னைக்கு அதிக மழை தருவது எந்த மாதங்கள்? அக்டோபர் முதல் டிசம்பர் வரை. வடகிழக்கிலிருந்து வரும் காற்றுக்கு ஈரம் எங்கிருந்து கிடைக்கிறது? வங்காள விரிகுடாவைத் தாண்டி வருவதால். ஒரு கேள்விக்கு ஒரு பதில், சரியா தப்பா என்று பார்த்த உடனே தெரிய வேண்டும்.

பெயர், வருஷம், எண் கேட்கும் கேள்விகள் எழுதச் சுலபம், அதனால் அவைதான் குவியும். ஒவ்வொன்றுக்கும் ஒரு 'ஏன்', ஒரு 'எப்படி', ஒரு 'இதற்கும் அதற்கும் என்ன வித்தியாசம்' என்று சேர்த்துக்கொள்ளுங்கள். தெரிந்துகொள்ள ஆசையில்லாத விஷயத்துக்குக் கேள்வி எழுதவே எழுதாதீர்கள். நமக்கு மார்க் போட யாருமில்லை, எதை நினைவில் வைப்பது என்று நாமே முடிவு செய்யலாம், அந்தச் சுதந்திரத்தைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

மொழி படிப்பவர்கள் தனிச் சொல்லை அட்டையில் எழுதுவதோடு நிறுத்தக் கூடாது, முழு வாக்கியமாகவும் கேட்டுப் பார்க்க வேண்டும். மேற்கு மாம்பலத்தில் இருக்கும் என் அத்தை இந்தி படிக்க ஆரம்பித்தபோது, 'கிதாப் என்றால் புத்தகம்' என்பது அவருக்கு முதல் வாரமே வந்துவிட்டது. தகராறு எல்லாம் வாக்கியத்தில்தான். இறந்தகாலத்தில் 'நே' வந்தால் வினைச்சொல் செயப்படுபொருளோடு ஒத்துப்போக வேண்டும், கிதாப் பெண்பால், அதனால் படித்தது ஆணே ஆனாலும் 'உஸ்னே கிதாப் படீ' என்றுதான் சொல்ல வேண்டும். தமிழில் இப்படி ஒரு வழக்கமே கிடையாது. அதனால் அட்டையின் முன்பக்கம் 'அவன் புத்தகம் படித்தான்' என்று தமிழில் எழுதி, பின்பக்கம் இந்தி வாக்கியத்தை எழுதி, 'படீ' என்பதன் கீழே சிவப்பில் ஒரு கோடு. அதே மாதிரி ரொட்டி, கடிதம், தண்ணீர் என்று பொருளை மாற்றி மாற்றிப் பத்து அட்டை. சமையலறையில் குக்கர் விசில் வருவதற்குள் நாலு அட்டை பார்ப்பார், வாய்விட்டுச் சொல்லுவார், அப்புறம்தான் திருப்புவார்.

நிரல் எழுதக் கற்கிறவர்களுக்கும் இதே வழிதான். வீடியோவில் வரும் உதாரணத்தைப் பார்த்துப் பார்த்துத் தட்டச்சு செய்வதில் கை மட்டும்தான் பழகும். பார்த்து முடித்ததும் வீடியோவை மூடுங்கள், காலியான கோப்பில் நீங்களே எழுதுங்கள். எழுதிய பின் ஓட்டிப் பார்க்கும் முன், என்ன வெளியீடு வரும் என்று ஒரு தாளில் எழுதுங்கள். வந்தது வேறாக இருந்தால் அந்த வித்தியாசத்தை விளக்க முடிகிற வரை அடுத்த பாடம் போகாதீர்கள். என்பிடெல் வாராந்திரப் பயிற்சிக் கேள்விகளை வீடியோ பார்ப்பதற்கு முன்பே ஒரு தடவை முயன்று பார்ப்பதும் நல்லது. பெரும்பாலும் தப்பாகத்தான் போகும், ஆனால் அப்புறம் பாடத்தைக் கேட்கும்போது எதைக் கவனிக்க வேண்டும் என்று காது தானாகத் தயாராக இருக்கும்.

எப்போது திரும்பக் கேட்பது

மறதியை முதன்முதலில் அளந்து பார்த்தவர் ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர். பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, தன்னையே சோதித்து, 1885-இல் முடிவுகளை வெளியிட்டார். படித்த முதல் சில மணி நேரத்தில் மறதி வேகமாக நடக்கிறது, அப்புறம் மெதுவாகிறது என்பது அவர் கண்டது. ஒரே நாளில் ஆறு முறை பார்ப்பதைவிட, அந்த ஆறையும் நாட்களில் பரப்பினால் அதிகம் நிற்கும். எவ்வளவு பரப்புவது என்பது, எவ்வளவு காலம் நினைவில் நிற்க வேண்டும் என்பதைப் பொறுத்தது. 2008-இல் 1,300-க்கும் மேற்பட்டவர்களை வைத்துச் செய்த ஒரு ஆய்வில், ஒரு வாரத்தில் தேவைப்படும் விஷயத்துக்கு ஒரு நாள் இடைவெளியும், ஒரு வருஷம் நிற்க வேண்டியதற்கு மூன்று வாரம் அளவிலான இடைவெளியும் நன்றாக வேலை செய்தன. அதற்காக நாள்காட்டியும் கையுமாக அலைய வேண்டாம். முதலில் அடுத்த நாள், பிறகு மூன்று நாலு நாள், பிறகு பத்து நாள், பிறகு ஒரு மாதம் என்று ஏறக்குறைய வைத்துக்கொண்டால் போதும்.

இதை எளிதாக நடத்தித் தரும் ஏற்பாடு ஒன்றை 1970-களில் செபாஸ்டியன் லைட்னர் என்ற ஜெர்மன் பத்திரிகையாளர் பிரபலப்படுத்தினார். அட்டைகளுக்கு ஐந்து அறைகள். புதிது எல்லாம் முதல் அறையில். சரியாகச் சொன்னால் அடுத்த அறைக்கு ஏறும், தப்பினால் எந்த அறையில் இருந்தாலும் முதல் அறைக்குத் திரும்பும். முதல் அறையைத் தினமும், அடுத்ததை இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை, கடைசி அறையை மாதம் ஒரு முறை என்று பார்க்க வேண்டும். தெரியாதது அடிக்கடி வரும், தெரிந்தது ஒதுங்கிப் போகும். பழைய செருப்புப் பெட்டியில் அட்டை வைத்துத் தடுப்புப் போட்டால் முடிந்தது. அட்டைக்குக்கூடக் கடைக்குப் போக வேண்டாம், வீட்டில் சேர்ந்து கிடக்கும் கல்யாணப் பத்திரிகைகளின் வெறும் பக்கத்தை நாலாக வெட்டினால் கெட்டியான அட்டை கிடைக்கும். நிறைய வேண்டுமென்றால் பாரிமுனை ஆண்டர்சன் தெருக் காகிதக் கடைகளில் கேட்டுப் பாருங்கள்.

மொபைலில்தான் வசதி என்றால் ஆங்கி என்ற செயலி இந்த இடைவெளிக் கணக்கை அதுவே பார்த்துக்கொள்ளும். கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம், ஐபோனில் காசு. தமிழ் எழுத்து சிக்கலில்லாமல் வரும். ஒரு எச்சரிக்கை மட்டும்: அடுத்தவர் தயாரித்த ஆயிரக்கணக்கான அட்டைகளை இறக்கிக்கொள்ளாதீர்கள். கேள்வியை நாமே எழுதும்போதுதான் பாதி படிப்பு நடக்கிறது. ஒரு நாளைக்குப் புதிதாக ஐந்து அட்டை போதும், பத்துக்கு மேல் போனால் இரண்டு வாரத்தில் திரும்பப் பார்க்க வேண்டியது மலை போலக் குவிந்துவிடும்.

கலந்து கேளுங்கள்

ராகம் கண்டுபிடிக்கப் பழகுகிறவர்களுக்கு இதை அழுத்திச் சொல்ல வேண்டும். ஆரபி, தேவகாந்தாரி என்ற இரண்டு ராகங்களும் ஆரோகண அவரோகணத்தில், அதாவது ஸ்வரங்கள் ஏறி இறங்கும் வரிசையில், ஏறக்குறைய ஒன்று, இரண்டுமே தீரசங்கராபரணம் என்ற தாய் ராகத்திலிருந்து பிறந்தவை. ஒரு வாரம் முழுக்க ஆரபி, அடுத்த வாரம் முழுக்க தேவகாந்தாரி என்று கேட்டால், கேட்கும்போது எல்லாம் தெளிவாகத் தெரிவது போல இருக்கும், ஆனால் சபாவில் போய் உட்கார்ந்து பாடகர் ஆலாபனையை ஆரம்பித்ததும் இரண்டும் குழம்பும். இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்க வேண்டும். இரண்டிலும் ஐந்தாறு பதிவுகளை ஒரே பட்டியலில் போட்டு, குலுக்கிவிட்டு, திரையைப் பார்க்காமல் ஓட விடுங்கள். ஒரு நிமிடத்தில் பெயரைச் சொல்லுங்கள், எதனால் அப்படி நினைக்கிறீர்கள் என்பதையும் ஒரு வார்த்தையில் சொல்லுங்கள்: வேகமா, 'ரி' ஸ்வரத்தில் நின்று அசைக்கும் விதமா, எது? அப்புறம் திரையைப் பாருங்கள். அது கைவந்ததும் தர்பாரையும் நாயகியையும் அதே பட்டியலில் சேருங்கள். ஓவியர்களின் பாணியை அடையாளம் காணப் பழக்கியபோது, ஒருவரின் ஓவியங்களை மொத்தமாகக் காட்டுவதைவிடப் பலருடையதைக் கலந்து காட்டியது நல்ல பலன் தந்தது என்று 2008-இல் வந்த ஒரு ஆய்வு காட்டியது. அதிலும் பங்கேற்றவர்களில் பெரும்பாலோர் மொத்தமாகப் பார்த்ததுதான் தங்களுக்கு உதவியது என்று நினைத்தார்கள்.

கணக்கு, இலக்கணம், கணக்குப்பதிவு எதுவானாலும் இதே வழிதான். ஒரே மாதிரிக் கணக்கு இருபது போட்டால், எந்த வழியில் போடுவது என்று யோசிக்கும் வேலையே இல்லாமல் போய்விடும்.

யாரிடமாவது சொல்லுங்கள்

மாணவன் எப்படிப் பயில வேண்டும் என்று நன்னூலில் பவணந்தி முனிவர் போட்ட பட்டியலில், ஆசிரியரிடம் கேட்பதோடு 'கேட்டவை நினைத்தல்', 'வினாதல்', 'வினாயவை விடுத்தல்' எல்லாம் வரிசையாக வருகின்றன. அதற்குப் பக்கத்திலேயே ஒரு கணக்கும் சொல்கிறார்: ஆசிரியர் சொன்னதைக் கேட்பதால் கால் பங்கு, உடன் பயில்வோரோடு பழகுவதால் ஒரு கால், மீதி அரைப் பங்கும் பிறருக்கு எடுத்துச் சொல்வதால்தான் நிரம்பும். நான் பார்த்தவரை அந்த அரைப் பங்கைத்தான் தனியாகப் படிக்கும் பெரியவர்கள் விட்டுவிடுகிறோம்.

ஆள் கிடைக்கவில்லையா? வாட்ஸ்அப்பில் உங்களுக்கே இரண்டு நிமிடம் வாய்ஸ் நோட் போடுங்கள், விஷயமே தெரியாத தங்கைக்குச் சொல்வது போல. 'அதாவது... வந்து... அந்த மாதிரி' என்று இழுக்கும் இடம்தான் புரியாத இடம். ஆள் கிடைத்தால் இன்னும் நல்லது. பெசன்ட் நகரிலோ அண்ணா நகர் டவர் பூங்காவிலோ சேர்ந்து நடக்கும் நண்பர் ஒருவரிடம், அவர் வேறு எதையாவது படிக்கிறவராக இருந்தாலும், உங்கள் கேள்வி அட்டைகளைக் கொடுத்து ஒரு சுற்று கேட்கச் சொல்லுங்கள், அடுத்த சுற்று நீங்கள் அவரைக் கேளுங்கள். 'சரி, ஆனால் ஏன் அப்படி?' என்று அவர் கேட்கும் உபரிக் கேள்வி எந்தச் செயலியிலும் கிடைக்காது.

'வயசாகிவிட்டது, மண்டையில் ஏறமாட்டேன் என்கிறது' என்பவர்களுக்கு: இருபது வயது வேகம் இருக்காது என்பது உண்மை. ஆனால் தன்னைச் சோதித்துப் பழகுவதன் பலன் வயதானவர்களுக்கும் கிடைக்கிறது என்று ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். பழைய அனுபவத்தோடு புதியதை முடிச்சுப் போடுவதும் அவர்களுக்குச் சுலபம். முதல் சில நாட்களில் பாதிக்குமேல் தப்பாகப் போகும், அது இந்த முறையில் எல்லோருக்கும் நடப்பதுதான். தூக்கத்தைக் குறைத்துப் படிக்க வேண்டாம், தூங்கும்போதும் நினைவு திடப்படுகிறது.

நேரம் எங்கே என்றால், தனியாக ஒதுக்க வேண்டியது புதிதாகப் படிப்பதற்கு மட்டும்தான், வாரத்தில் மூன்று நாள் அரை மணி நேரம் இருந்தாலே நிறையச் செய்யலாம். கேட்டுக்கொள்வதை ரயிலில், பஸ் நிறுத்தத்தில், பால் காயும்போது என்று நடுவில் செருகிவிடலாம்.

நடுவே வீட்டில் கல்யாணம் வரும், டிசம்பர் மழையில் கரண்ட் போகும், ஆபீஸில் வருஷக் கடைசிக் கணக்கு முடிப்பார்கள், மூன்று வாரம் எதையும் தொட்டிருக்க மாட்டீர்கள். திரும்ப வரும்போது முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பிக்காதீர்கள். பழைய அட்டைகளை எடுத்து, புதிது எதையும் சேர்க்காமல், ஒரு நாளைக்கு இருபது மட்டும் கேட்டுக்கொண்டு வாருங்கள். சொல்ல முடிந்தது எல்லாம் இருந்த அறையிலேயே இருக்கட்டும், வராதது முதல் அறைக்குப் போகட்டும். ஒரு வாரத்தில் எங்கே விட்டீர்கள் என்பது தெரிந்துவிடும், அங்கிருந்து அடுத்த அத்தியாயத்தைத் திறங்கள்.